ராட்டினப் பூங்காவில் அக்கா எதிலும் ஏறவில்லை

1

எங்கள் கோயில் பங்குத் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பச் சொல்லி ஊரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. பிரான்சு வாழ்க்கையைப் பற்றி, இளைஞர்களுக்கு ஊக்கமும் பயனும் தரும்படி எழுத வேண்டுமாம். பாரிசுக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினான்கு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவள் நான். ஊக்கமூட்டும் வகையில் விரிப்பு மடிப்பது எப்படி என்று வேண்டுமானால் எழுதலாம். நான்கு மூலையும் ஒன்றோடொன்று சேர வேண்டும். அவ்வளவுதான் அதில் தத்துவம்.

இந்த வாரம் எங்கள் ஓய்வறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். நகரத்துக்கு வடக்கே இருக்கும் ராட்டினப் பூங்காவுக்குக் குறைந்த விலையில் குடும்பச் சீட்டு, வேண்டியவர்கள் பெயர் எழுதலாம் என்று. என்னோடு வேலை செய்யும் மொரோக்கோக்காரி ஃபாத்திமா பேனாவை நீட்டியபடி, நீ இந்தியாவிலேயே இப்படி ஒரு இடத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்தாயே, எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். பிரெஞ்சில் நான் பிழையில்லாமல் சொல்லக்கூடிய பதில்களில் அது ஒன்று.

தமிழில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆகவே குடும்பத்தோடு ராட்டினப் பூங்காவுக்குப் போகிறவர்கள் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதையே எழுதுகிறேன். இளைஞர்களுக்குப் பயன்படும். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊருக்கே தெரிந்த கதைதானே, எழுது என்று பதில் போட்டிருக்கிறாள்.

2

முதலில் எங்கள் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன், மலரைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காக. வில்லியனூரிலிருந்து உள்ளே போகும் ஊர் எங்களுடையது. அப்பா சவரிமுத்து, ஒன்றரைக் காணி நிலமும் இரண்டு மாடும் வைத்திருப்பவர். அம்மா இறந்தபோது லூர்து அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினான்கு. அன்றைக்கு அக்கா கரண்டியைக் கையில் எடுத்தாள். கீழே வை என்று யாரும் சொல்லவில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து விடுமுறையில் வந்த அந்துவானுக்குப் பெண் கேட்டு வந்தவர்கள் முதலில் கேட்டது அக்காவைத்தான். மூத்தது போய்விட்டால் வீடு நடக்காது, சின்னதைக் கட்டிக்கொண்டு போங்கள் என்றார் அப்பா. மளிகைக்கடையில் ஒரு சோப்பு தீர்ந்துபோனால் இன்னொன்றைக் கொடுக்கிற மாதிரி. அப்படிக் கிடைத்ததுதான் எனக்குப் பிரான்சு. திருபுவனைப் பக்கம் கம்பெனிகள் வந்தபிறகு அக்கா அதில் ஒன்றில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். விடியுமுன் அப்பாவுக்கு ஆக்கி வைத்துவிட்டு ஷிப்ட் பஸ்ஸைப் பிடிப்பாள். திரும்பி வந்து மறுபடி ஆக்குவாள்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் நான்கு பேரும் ஊருக்கு வருவோம். பூங்காவுக்குப் போய்வந்த அந்த வருடம் என் மகள் மர்த்தீனுக்குப் பன்னிரண்டு வயது, மகன் பத்ரிக்குக்கு ஏழு. என் கணவர் பட்டாளத்தை விட்டுப் பல வருடம் ஆகியும் பட்டாளம் அவரை விடவில்லை. ஒரு மாத விடுமுறையை நாள்வாரியாகப் பிரித்துப் பிரெஞ்சில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டார். இன்றைக்கு யார் வீட்டில் சாப்பாடு, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்கு ஏப்பம் விட வேண்டும் என்பது வரை அதில் இருந்தது. "அக்காவோடு பேச" என்று மட்டும் எதுவும் இல்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு, முத்தாய்ப்பாக, மெட்ராசுக்கு வெளியே கடலோரம் இருந்த ராட்டினப் பூங்கா. அது என் யோசனை. வாழ்நாளெல்லாம் அடுப்படியிலும் பேக்கிங் மேசையிலும் நின்ற அக்காவை ஒரு நாளாவது உட்கார வைத்து, சுற்ற வைத்து, சிரிக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்று பாரிசிலேயே முடிவு செய்திருந்தேன். அவள் லீவு போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று ஏர்மெயிலில் உத்தரவும் போட்டிருந்தேன். அக்காவுக்கு ராட்டினம் பிடிக்குமா என்று அந்தக் கடிதத்தில் கேட்டதாக நினைவில்லை.

3

ஆறு பேருக்குத்தான் வேன் பேசினோம். அப்பா மாட்டை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டதால் ஐந்து. விடியற்காலை வேன் வாசலுக்கு வந்தபோது பத்தொன்பது பேர் புதுத்துணி உடுத்தி நின்றார்கள். யார் அழைத்தது என்று கேட்பது நம் ஊரில் மரியாதை இல்லை. பிரான்சிலிருந்து வந்தவள் கேட்டால் திமிர். ஆகவே நான் எல்லோரையும் பார்த்துச் சிரித்தேன். என் கணவர் தன் காகிதத்தைப் பார்த்தார்.

சித்தப்பா முன்சீட்டில் ஏறி டிரைவருக்கு வழி சொல்லத் தொடங்கினார். திண்டிவனத்தில் தெரிந்தவர் வீட்டில் ஐந்து நிமிடம் இறங்கிவிட்டுப் போகலாம் என்றார். அந்த ஐந்து நிமிடத்தில் அந்த வீட்டில் உப்புமா கிண்டி, பத்தொன்பது பேரோடு எங்களுக்கும் சேர்த்துப் போட்டு, எங்கள் பிள்ளைகள் கறுத்துவிட்டதாகக் கவலைப்பட்டு அனுப்பினார்கள். ஒன்பது மணிக்கு நுழைந்திருக்க வேண்டிய பூங்காவுக்குள் பன்னிரண்டரை மணி வெயிலில் நுழைந்தோம். என் கணவர் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அன்றெல்லாம் அவர் அதிகம் பேசவில்லை. விடுமுறையில் எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அது.

வேனிலேயே அக்கா ஒருமுறை என் தோளைத் தொட்டு, ஒரு விஷயம் சொல்லணும் என்றாள். அப்போது பத்ரிக் வாந்தி எடுத்தான்.

4

பூங்காவில் இருந்தவை: இரண்டு ராட்டினம், ஒரு குட்டி ரயில், ஒரு படகுக்குளம், சிமெண்டில் செய்த ஒரு டைனோசர். அதன் வாலில் யாரோ லுங்கி காயப்போட்டிருந்தார்கள். கூட்டம் மட்டும் விளம்பரத்தில் சொன்னதைவிட அதிகமாகவே இருந்தது.

மர்த்தீன் சுற்றிலும் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று பிரெஞ்சில் கேட்டாள். இல்லை, இன்னும் வரிசை இருக்கிறது என்றேன். சீட்டுக்கு ஒரு வரிசை, ஏறுவதற்கு ஒரு வரிசை, குடிதண்ணீருக்கு ஒரு வரிசை. நான் ஒவ்வொன்றின் முனையிலும் நின்று, சொந்தக்காரப் பிள்ளைகளை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கினேன். ஒருமுறை ஏற்றியதைவிட ஒருவன் அதிகமாக இறங்கினான். அவன் யார் பிள்ளை என்று கண்டுபிடிக்க அரைமணி ஆனது.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரித்தாள். பத்ரிக் தொட மாட்டேன் என்று அழுதான். அவன் காதில் 'ள'வும் 'ல'வும் ஒன்றுதான். பாவம் புலி, அதைப் போய்ச் சாப்பிடுகிறீர்களே என்றான். உறவினர் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிரான்சுப் பிள்ளைக்குத் தமிழ் வராததை இவ்வளவு சந்தோஷமாகக் கொண்டாடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அக்கா மட்டும் சிரிக்காமல், அவனைத் தனியே உட்காரவைத்து ஒரு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்துக் காட்டி ஊட்டினாள்.

நான் எதற்காக வந்தேனோ அது மட்டும் நடக்கவில்லை. அக்கா எதிலும் ஏறவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் பத்தொன்பது பேருடைய செருப்பையும் பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராட்டினம் வேண்டாம் என்ற மர்த்தீன் அவள் பக்கத்திலேயே நாளெல்லாம் இருந்தாள். நான் இரண்டு முறை சீட்டோடு போய், ஏறுக்கா, உனக்காகத்தானே வந்தோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு முறையும் அவள், ரோசி, ஒரு விஷயம் சொல்லணும் என்றாள். அப்புறம் சொல், மூன்று மணிக்குப் படகு என்று ஓடினேன்.

அவளுக்கு நான் அகப்பட்டது பெண்கள் கழிப்பிட வரிசையில். முன்னால் முப்பது பேர், பின்னால் இருபது பேர். அங்கேயிருந்து யாரும் எங்கேயும் ஓட முடியாது.

"நான் கல்யாணம் பண்ணிக்கப் போறன்டி" என்றாள் அக்கா.

எனக்கு முதலில் அது காதில் விழுந்த மாதிரியே இல்லை. அவள் தொடர்ந்தாள்.

"எங்க கம்பெனில லோடிங்ல இருக்காரு. ஏழுமலைன்னு பேரு, திருவாண்டார்கோயில். சம்சாரம் செத்து ஆறு வருஷம் ஆவுது. புள்ள இல்ல. நல்ல மாதிரி."

நாற்பத்தோரு வயதில் என் அக்கா முகம் சிவந்து அன்றுதான் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று இந்த இரண்டு வருடமாக எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருக்கிறேன். சொன்னது இது.

"அப்ப அப்பாவ யாருக்கா பாத்துப்பா?"

வரிசை ஓரடி நகர்ந்தது. நாங்களும் நகர்ந்தோம்.

"அவருக்கு ரெண்டு பொண்ணுடி" என்றாள் அக்கா.

முன்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கைக்கடிகாரம், கறுப்புக் கண்ணாடி, பாரிசில் வாங்கிய கைப்பை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிக்கொண்டாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அக்கா கோபப்படவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நீ கிளம்புவதற்குள் அப்பாவிடம் நீ சொல்ல வேண்டும் என்றாள். "நான் சொன்னா தண்ணி மொண்டாரச் சொல்வாரு. நீ சொன்னா உக்காந்து கேப்பாரு."

ஒரு மாதமாக வீட்டிலேயே இருக்கிறேனே, இதைச் சொல்ல இந்த இடம்தானா கிடைத்தது என்று முணுமுணுத்தேன். நீ எங்கே ஓரிடத்தில் நிற்கிறாய் என்றாள். மர்த்தீனிடம் காலையிலேயே சொல்லிவிட்டாளாம். "அவளுக்குப் பாதி புரியாது பாரு, அதான் சொல்ல சுலுவா இருந்துச்சி."

திரும்பும் வழியில் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். மர்த்தீன் தூங்கவில்லை. பெரியம்மா கட்டிக்கப் போகிறவருக்குப் பாடத் தெரியுமாமே, உனக்குத் தெரியுமா என்று பிரெஞ்சில் கேட்டாள். பாதி புரியாத பெண்ணுக்கு என்னைவிட இவ்வளவு அதிகமாகத் தெரிந்திருந்தது.

5

மறுநாள் காலை மாட்டுக்கொட்டகையில் அப்பாவிடம் சொன்னேன். என்ன வேதம், என்ன சாதி, ஊரில் என்ன பேசுவார்கள், கோயிலில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று கேட்பார் என எதிர்பார்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அக்கா சொன்னது சரி, நான் சொன்னதும் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துதான் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப எனக்கு யாரு சோறாக்குவா?"

வரிசையில் நான் கேட்ட அதே கேள்வி. அதை அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எப்படி நாறுகிறது என்று தெரிந்தது. வெட்கத்தில் எனக்கு வீரம் வந்துவிட்டது.

"நான் வந்து ஆக்கறன்" என்றேன்.

"நீயா" என்றார் அப்பா. சிரிக்கவில்லை. மாட்டை அவிழ்த்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். நாங்கள் காரில் ஏறியபோதும் அவர் வரவில்லை. அக்கா ஷிப்டுக்குப் போயிருந்தாள். லீவு தீர்ந்துவிட்டது, ராட்டினத்துக்குப் போட்டதோடு.

6

நான் கொடுத்த வாக்கை யாராவது மறந்துவிடுவார்கள் என்று இரண்டு மாதம் எதிர்பார்த்தேன். யாரும் மறக்கவில்லை. வேறு வேதத்துக்காரரைக் கட்டிக்கொள்ள, பங்குச்சாமியார் பிஷப் இல்லத்துக்கு எழுதி அனுமதி வாங்கிவிட்டார். பொங்கல் கழித்துக் கல்யாணம் என்று அக்கா எழுதினாள். கூடவே ஒரு வரி: "அப்பா என்னிடம் பேசுவதில்லை, சாப்பிடுகிறார்."

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ஐந்து வாரம் லீவு கேட்டுப் போனேன். அங்கே இருந்த அம்மாள் நல்லவள். சகோதரியின் திருமணத்துக்கு ஒரு நாள் உண்டு என்றாள். ஐந்து வாரம் வேண்டும் என்றேன். ஜனவரியில் ஐந்து வாரத்துக்கு என்ன காரணம் என்று கேட்டாள். அப்பாவுக்குச் சமைக்கப் போகிறேன் என்று சொல்ல நினைத்து, பதற்றத்தில் பிரெஞ்சு வழுக்கி, "அப்பாவை வேகவைக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் பேனாவை மெதுவாகக் கீழே வைத்தாள். திருத்திச் சொன்ன பிறகு, அப்பாவால் சமைக்க முடியாது என்பதற்கு மருத்துவச் சான்று இருக்கிறதா, அவருக்கு என்ன நோய் என்று கேட்டாள். நோய் ஒன்றும் இல்லை, இதுவரை யாரும் அவரைச் செய்யச் சொன்னதில்லை என்றேன். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கடைசியில் என் வருட லீவு முழுவதையும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, அப்படியானால் கோடையில் நாம் எங்கேயும் போக முடியாதா என்று பத்ரிக் கேட்டான்.  என் கணவர் எழுந்து போய்ப் புதிதாக ஒரு தாளில், நான் இல்லாத ஐந்து வாரத்துக்கு யார் எந்த நாள் சமைப்பது என்று கோடு போட ஆரம்பித்தார். அவர் எழுதியதிலேயே உருப்படியான காகிதம் அதுதான்.

மர்த்தீன் பெரியம்மாவுக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினாள். பிரெஞ்சு எழுத்தில் எழுதிய தமிழ். ஊருக்கு வந்ததும் நான் படித்துக்காட்டினேன். "பெரியம்மா, நீ நல்லா இரு. அவர் பாட்டு பாடினா எனக்கு எழுது." அக்கா அதை வாங்கிப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

7

கல்யாணத்துக்கு முன்பு, பிறப்பும் கல்யாணமும் பதிகிற கொம்யூன் ஆபீசில் மூன்று நாள் போனது. பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்புப் பதிவேட்டில் அக்காவின் பெயர் ஒரு விதம், கம்பெனி அட்டையில் வேறு விதம். பதிவேட்டைப் புரட்டிய குமாஸ்தா, இது ரெண்டு பேர் மாதிரி இருக்குதே, கல்யாணம் யாருக்கு என்று கேட்டார். அக்கா அசரவில்லை. "வேலைக்குப் போறவ ஒருத்தி, கல்யாணம் கட்டிக்கறவ ஒருத்தி. ரெண்டும் நான்தான் சார். எழுதுங்க" என்றாள். எழுதினார்.

ஏழுமலையை அங்கேதான் முதலில் பார்த்தேன். உயரமாக, கூச்சமாக, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மூன்று நாளும் அக்காவின் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்குப் பூங்காவின் வேப்பமரத்தடி ஞாபகம் வந்து, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன்.

கல்யாணம் கோயிலில் எளிமையாக நடந்தது. அப்பா வந்தார், கடைசி வரிசையில் நின்றார், முடிந்ததும் போய்விட்டார். அன்று மாலை அக்கா திருவாண்டார்கோயிலுக்குப் பஸ் ஏறினாள். வீட்டில் நானும் அப்பாவும் அடுப்பும்.

ஊரே போற்றும் பிரான்சு மகளின் சமையலை அப்பா நான்கு நாள் பொறுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள், இது இன்னா கொழம்பு என்று கேட்டார். மீன் குழம்பு என்றேன். மீனுக்குத் தெரியுமா என்றார். கல்யாணப் பேச்சை எடுத்ததிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான பேச்சு அது. அப்படியானால் நீயே செய் என்று கரண்டியை அவர் பக்கம் நீட்டினேன். அறுபத்தெட்டு வயதுவரை அவர் கையில் யாரும் நீட்டாத பொருள். வாங்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அன்று மதியம் இருவரும் வாழைப்பழம் சாப்பிட்டோம். இரவும் வாழைப்பழம். மறுநாள் காலை பார்த்தால் அடுப்பின் முன் குந்தி ஊதிக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் புகை.

அரிசி எத்தனை தடவை களைய வேண்டும், உலை எப்போது கொதிக்கும், கஞ்சியை எப்படிக் கையில் ஊற்றிக்கொள்ளாமல் வடிப்பது என்று மூன்று வாரம் பாடம் நடந்தது. முதல் வாரம் மாடுகளுக்கு நல்ல தீனி. இரண்டாம் வாரம் பாதி வெந்தது, பாதி கருகியது. வழியில் போகிறவர்கள் எட்டிப்பார்த்து, பிரான்சுலேர்ந்து வந்து கெழவன அடுப்புல தள்ளிட்டா பாரு என்றார்கள். அவர்கள் வீட்டு ஆண்களும் எட்டிப்பார்த்தார்கள், கொஞ்சம் கலவரத்தோடு.

நான் கிளம்புவதற்கு முந்திய ஞாயிறு, அக்காவும் ஏழுமலையும் விருந்தாளிகளாக வந்தார்கள். அக்கா வாசற்படி தாண்டியதும் பழக்கத்தில் நேராக அடுப்படிக்குப் போனாள். அங்கே அப்பா நின்றிருந்தார், தோளில் துண்டு, கையில் சோற்றுச் சட்டி. கூடத்துக்குப் போ என்று தலையை ஆட்டிக் காட்டினார். போய் ஏழுமலை பக்கத்தில் இலையின் முன் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுமுன் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தாள்.

அப்பா மாப்பிள்ளைக்குப் போட்டார். பிறகு அவளுக்குப் போட்டார். சோறு நன்றாகவே குழைந்திருந்தது, கரண்டியை விட்டு இறங்க மறுத்தது. அவள் ஒரு வாய் எடுத்து மென்று விழுங்கும்வரை சட்டியோடு குனிந்தபடியே நின்றார்.

அக்கா இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடுப்பா" என்றாள்.